எழுத்தில்லாத பத்து நாள்

வாத்தியார் வேலைக்குப் படிக்கிறவர்களிடமிருந்து, கடைசி வருஷத்தில் பத்து நாளைக்கு எழுத்தறிவையே எடுத்துவிடும் பல்கலைக்கழகம், எழுத்துத் தெரியாதவர்கள் படும் பாடு புரியட்டுமென்று. வேல்விழிக்கு அது ஆறாம் நாள். அன்றைக்குப் பார்த்து, மறுநாள் அவள் பயிற்சிக்குப் போகவேண்டிய பள்ளிக்கூடத்தின் பெயரோடு கடிதம் வந்தது. அவள் கண்ணுக்கு எல்லாம் வெறும் கோடுகள். வாசித்துச் சொல்லும் போனையும் பூட்டிவைத்திருந்தார்கள்.

சித்தாள் வேலை முடிந்து வந்து, கையில் காய்ந்த சிமெண்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள் அவள் அம்மா ராக்கம்மா. அவள் எழுத்துக் கற்று இரண்டு வருஷம்தான் ஆகிறது. எதை எடுத்து வாசித்தாலும் பாதியிலேயே மகள் மீதியைச் சொல்லி முடித்துவிடுவாள். ஒரு வரியைக்கூட ராக்கம்மா தானாக முடித்ததில்லை.

“நாளைக்குக் காலையில அங்க நிக்கணும்மா. இல்லாட்டி ஒரு வருசம் போச்சு. வெரசா வாசி!”

“வாத்தியாரம்மா கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இருங்க.”

ராக்கம்மா விரலை வைத்து எழுத்து எழுத்தாக நகர்ந்தாள். வேல்விழி நகத்தைக் கடித்தாள். சொல்லிக்கொடுக்க அவளிடம் ஒன்றுமில்லை.

“கீ...ழத்...தெரு... நடு...நிலைப் பள்ளி. கீழத்தெருவுடி!”

மகளைவிட ராக்கம்மாதான் அதிகம் சிரித்தாள்.

பதினோராம் நாள் எழுத்து திரும்பி வந்தது. காலையில் ராக்கம்மா புது அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, “பு...ழு...ங்...” என்று திணறினாள். வழக்கம்போல் மகள் முகத்தைப் பார்த்தாள். வேல்விழி உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அம்மா ‘புழுங்கலரிசி’ என்று முடிக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.