தனிக்கட்டை வேண்டும்

நிறுவனத்தின் வலைப்பதிவில் ஒரு பொருளை நல்லது என்று எழுதுகிறவர், தன் வீட்டிலும் அதையே புழங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. இனி எல்லாரும் பொறுப்பாக எழுதுவார்கள் என்று ஜனங்கள் நம்பினார்கள். கம்பெனிகளோ தனிக்கட்டைகளாகப் பார்த்து வேலைக்கு எடுத்தன. மனைவி இறந்து, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்ட ஆதிமூலத்துக்கு வேலை கிடைத்தது அப்படித்தான்.

இந்த வாரம் எழுத வேண்டியது பச்சைக்குழந்தைகளுக்கான பால்மாவு.

"மக கைப்பிள்ளையோட வந்திருக்கா, அண்ணாச்சி. இப்ப எழுதினா அவனுக்கும் கொடுக்கணும். பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் போயிரும்னு நம்ம ஆய்வுக்கூடமே சொல்லுது."

"அதை ஏன்வே படிச்சீரு?" என்றார் மேலாளர் ஞானசிகாமணி. "மக எப்பப் போறா?"

"ஞாயித்துக்கிழமை."

"அப்பத் திங்கட்கிழமை எழுதும். பிள்ளை இருக்கிற வீட்டுல எதுக்கு வம்பு?"

இரண்டு பக்கமும் லாபம் என்று கைகுலுக்கிக்கொண்டார்கள்.

திங்களன்று காலை ஆதிமூலத்தின் பதிவு வெளியானது. மாலையில் மகள் செல்லக்கனி போனில் பேசினாள்.

"அப்பா, எந்தப் பால்மாவு வாங்கன்னு கடையில முழிச்சுட்டு நின்னேன். நல்ல நேரத்துல உங்க பதிவைப் பாத்தேன். பிள்ளை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் குடிச்சிட்டுத் தூங்குறான்."