பழகின தூண்டில்

"பார்த்தா பழசா இருக்கணும் பாய். ஆனா ஒடையக் கூடாது."

கல்லாவில் இருந்த அப்துல் கஃபார், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகச் சேவியரைப் பார்த்தார். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவை ஒட்டிய சந்தில் எத்தனையோ வருஷமாகத் தூண்டில் கடை நடத்துகிறார். இப்படிக் கேட்டு ஒருத்தரும் வந்ததில்லை.

"எல்லாரும் புதுசு கேப்பாங்க. நீங்க என்ன தம்பி, பழசு கேக்குறீங்க? முதல்ல என்ன மீனு பிடிக்கப் போறீங்க, அதைச் சொல்லுங்க."

"மீன் இல்ல பாய், மாமனார். இன்னும் ஆகல. ஆகணும்."

விஷயம் இதுதான். சேவியர் காதலிக்கும் சிவதர்ஷினியின் அப்பா இராஜசிங்கம் ஓய்வு பெற்ற அரசாங்கக் குமாஸ்தா. தாத்தா காலத்திலேயே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சிங்கப்பூரில் வேரூன்றிய குடும்பம். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பையன் என்றதும், "முதல்ல ஆளைப் பாப்போம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். வீட்டுக்கு மட்டும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பாதி சம்மதம் என்று ஆகிவிடுமே!

தர்ஷினிதான் வழி கண்டுபிடித்தாள்.

"சனிக்கிழமை காலையில பொங்கோல் படகுத்துறைக்கு வந்துடுங்க சேவி. அப்பாவுக்கு ஃபிஷிங்னா உயிரு. உங்களுக்கும் அப்படித்தான்னு சொல்லி வச்சிருக்கேன்."

"ஐயோ தர்ஷினி, நான் திண்டுக்கல்காரன்!"

"அதனால என்ன லா? கத்துக்க ஒரு வாரம் இருக்கே."

கதையைக் கேட்ட கஃபாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சரி, இங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"துவாஸ்ல, கப்பல் கட்டுற இடத்துல எஞ்சினியர்."

"கப்பல்ல வேலை பாத்துக்கிட்டு மீன் பிடிக்கத் தெரியாதா?"

"கப்பல் தண்ணியில இறங்குற வரைக்கும்தான் பாய் என் வேலை."

கஃபார் உள்ளே போய் இரண்டு தூண்டில்களோடு வந்தார். "இது நீளம். தூரமா வீசலாம். ஆனா பழக்கமில்லாதவங்க வீசினா முள்ளு பக்கத்துல நிக்கிறவர் சட்டையில போய் மாட்டும்."

"அப்படி மாட்டினா என் கல்யாணம் அன்னிக்கே முடிஞ்சுடும். அந்தக் குட்டைத் தூண்டிலைக் காட்டுங்க."

முள்ளைக் கட்டுவது எப்படி, எச்சில் தொட்டு முடிச்சை இறுக்குவது எப்படி, இறாலை வாலிலிருந்து கோப்பது எப்படி, எல்லாம் சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்பினார். அந்த வாரம் முழுக்கச் சேவியர் அறைக்குள் முடிச்சுப் போட்டுப் போட்டுப் பழகினான். தூண்டிலின் பளபளப்பு போக உப்புத்தாளால் தேய்த்தான்.

சனிக்கிழமை அவன் போய்ச் சேரும்போதே இராஜசிங்கம் படகுத்துறையில் தொப்பியும் தூண்டிலுமாக நின்றிருந்தார்.

"வாங்க தம்பி. நீங்க முதல்ல போடுங்க."

பரீட்சை தொடங்கிவிட்டது என்று சேவியருக்குப் புரிந்தது. இறாலை வாலிலிருந்து கோத்தான். அவர் தலையைச் சாய்த்து உற்றுப் பார்த்தார். முடிச்சை எச்சில் தொட்டு இறுக்கினான். அவரும் தம் முடிச்சை எச்சில் தொட்டு இறுக்கினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு வீசினான். ஈயக்குண்டு காலடியிலேயே, தூணுக்குப் பக்கத்தில் 'தொபுக்'கென்று விழுந்தது. அடுத்த நொடி அவருடைய குண்டும் அதே இடத்தில் விழுந்து, இரண்டு தூண்டில் நரம்பும் பின்னிக்கொண்டன.

வேண்டுமென்றேதான் செய்கிறார், கேலி பண்ணுகிறார் என்று சேவியருக்குக் காது சூடேறியது. சிக்கெடுத்து மறுபடி போட்டும் மீன் ஒன்றும் வரவில்லை. இரைதான் காணாமல் போய்க்கொண்டிருந்தது. அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

"அங்கிள், மன்னிச்சுடுங்க. எனக்கு மீன் பிடிக்கவே தெரியாது. இந்தத் தூண்டிலைப் போன வாரம்தான் வாங்கினேன். பழசாத் தெரியணும்னு தேய்ச்சு வச்சேன். ஆனா பொய் சொல்லி உங்க மகளைக் கேக்குறது சரியில்ல."

இராஜசிங்கம் நரம்பைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"கிளம்புங்க தம்பி."

சேவியர் தூண்டிலை எடுத்துக்கொண்டு திரும்பி நடக்கப் போனான்.

"டெக்கா மார்க்கெட்ல நல்ல மீனாப் பாத்து வாங்கிக்கிட்டு நம்ம வீட்டுக்குப் போவோம். நாம பிடிச்ச மீனுன்னு சொல்லி அவ கையில குடுத்து ஆய வைக்கணும்."

"வீட்டுக்கா? தர்ஷினி என்ன அங்கிள் பண்ணினா?"

"என்ன பண்ணினாளா? உங்களுக்கு ஃபிஷிங்னா உயிருன்னு அவ சொன்னதை நம்பித்தானே தம்பி, நானும் போன வாரம் முதல் தடவையாத் தூண்டில் வாங்கினேன்!"