'பி' பிரிவின் சிரிப்பு

ஏழாம் வகுப்பு 'பி' பிரிவில் மறுபடியும் சிரிப்பு வெடித்ததும் கோமளவல்லி டீச்சருக்கு வயிறு எரிந்தது. பதினாறு வருடமாகக் கணக்கு நடத்துகிறாள். அவள் வகுப்பில் ஒரு பிள்ளை சிரித்ததில்லை. போன மாதம் சேர்ந்த ஜெனிபர் டீச்சர் அப்படி என்னதான் சொல்கிறாள் என்று கதவோரம் நின்று கேட்டாள்.

"எட்டாப் பிச்ச தோசையில, கருகின மூணு துண்டை மாமியார் பார்க்கிறதுக்குள்ள புருஷன் தட்டுல தள்ளிட்டா மிச்சம் எவ்வளவு?"

நேற்றுக் காலை கோமளவல்லி வீட்டில் நடந்தது அப்படியே!

மணியடித்ததும் ஜெனிபரை மறித்தாள். "எங்கேம்மா புடிச்சே இந்தக் கதையை?"

"இலவசப் பாடச் செயலி தந்தது டீச்சர். யார் வீட்டுலயோ நடந்ததாம். நீங்களும் போட்டுக்கோங்களேன்!"

அந்தச் செயலி கோமளவல்லியின் கைபேசியில் இரண்டு வருடமாக இருக்கிறது; வீட்டுப் பேச்சையெல்லாம் ஒட்டுக்கேட்டது அதுதான். அழித்துவிட விரலை வைத்தாள். அதற்குள் பிள்ளைகள் ஜெனிபரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

விரலை எடுத்து, செயலியிடம், "ஜெனிபர் டீச்சர் வீட்டில் இன்று என்ன கூத்து?" என்று கேட்டாள். உடனே மூன்று உதாரணங்கள் வந்தன.