திருப்பாடல் ஓதும் வாய்

“உன்னைப் பெற்றவளுக்கு மூளை இருந்திருந்தால், பிறந்த அன்றே உன்னைச் சாக்கடையில் வீசியிருப்பாள்!”

பக்கத்து வீட்டு எலிசியோ இதை ஆங்கிலத்தில் கத்தினார். வேலிக்கு இப்பால் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த நெனிதாவின் கை அப்படியே நின்றுபோயிற்று. பாக்கோலோட் மீன் சந்தையில் முப்பது ஆண்டு வாய்ச்சண்டை போட்டவள் அவள். எந்த மொழியில் வைதாலும் வசை அவளுக்கு விளங்கிவிடும்.

மூன்று ஆண்டுக்கு முன் மண்ணுக்குள் போன தன் மனைவியையா இந்த மனிதர் இப்படிப் பேசுகிறார்? நெனிதா துணி காயும் கொடியை விலக்கிக்கொண்டு சன்னலருகே போய் எட்டிப் பார்த்தாள்.

எலிசியோவின் மகள் மரிவிக், தண்டனை பெற்ற பள்ளிப் பிள்ளையைப் போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் நின்ற தந்தை ஒரு வசையை உதிர்த்ததும் குவளையை எடுத்து வாயில் ஊற்றினார். உடனே பின்கதவு வழியே வெளியே துப்பினார். மறுபடியும் வசை, மறுபடியும் குவளை.

“குடி வேறயா? தூ!” என்றாள் நெனிதா.

மறுநாள் காலை கால் சென்டர் ஒன்றில் மரிவிக்குக்குத் தேர்வு. மூன்றாம் முறை, அதுவே கடைசி முறை. ஈராண்டு பாடுபட்டுக் கற்ற ஆங்கிலம் அவள் நாவில் ஆற்றொழுக்காக வரும். முன்னிரண்டு தடவையும் எல்லாச் சுற்றிலும் முதலாவதாக வந்து, இறுதிச் சுற்றில் மட்டும் தோற்று, வீங்கிய கண்களோடு வீடு திரும்பியிருந்தாள். இம்முறையும் தவறினால் வளைகுடாவில் வீட்டு வேலைக்குப் போவதென்று தாள்களெல்லாம் தயாராக இருந்தன. எலிசியோ வேலை பார்த்த கரும்பு ஆலை மூடிய பிறகு அவ்வீட்டுக்கு வேறு வழி இல்லை.

நெனிதா தெருமுனைக்கு ஓடினாள். அங்கே வட்டாரக் காவலன் ரொமுவால்டோ, கடைவாசலில் பாட்சோய்ச் சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

“டேய் ரொமு, அந்தக் கிண்ணத்தைக் கீழ வைடா! எலிசியோ பெத்த பொண்ணை வாயாலயே கொல்லுறான்.”

“எலிசியோ அண்ணனா? ஞாயித்துக்கிழமை கோவில்ல திருப்பாடல் வாசிக்கிறவரையா சொல்றீங்க அக்கா? அவரு கோழியைத் துரத்துனாக்கூட ‘கொஞ்சம் தள்ளிக்கம்மா’ன்னுதானே சொல்லுவாரு!”

“அந்த வாய்தான்டா. வந்து கேளு. சந்தையில நான் பேசுறதெல்லாம் செபம்னு தோணும் உனக்கு.”

இருவரும் சன்னலடியில் பதுங்கினர். உள்ளே எலிசியோ தொண்டையைச் செருமினார்.

“பன்றிக்குப் பிறந்த குரங்கே! உன் தலைக்குள் இருப்பது மூளையா, மலமா? உன்னோடு பேசிய என் காதைக் கழுவ வேண்டும்!”

“மன்னியுங்கள் சார். உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது சார்,” என்றது சுவர்ப்பக்கமிருந்து மெல்லிய குரல். அதுவும் ஆங்கிலந்தான்.

நெனிதா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “பெத்த அப்பனைப் போய் சார்ங்குது பாரு! எப்படி மிரட்டி வச்சிருக்கான்?”

ரொமுவால்டோ வாயைப் பொத்திக்கொண்டான். “திருப்பாடல் வாசிக்கிற வாயா அக்கா இது?”

அதே வாய்தான். இறைவனின் இரக்கத்தைப் பாடும்போது கோவிலின் கடைசி வரிசைக் கிழவர்களையும் கண்கலங்க வைத்த நா அது. அதே நா இப்போது மலத்தைத் தொட்டுத் தொட்டு மொழிந்துகொண்டிருந்தது. அடுத்து வந்த வசை இன்னும் இழிந்தது. ஏட்டில் எழுதத் தகாதது. முப்பது ஆண்டுச் சந்தைக்காரியே காதைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. கதவை உதைத்துத் திறந்தாள்.

“நிறுத்துய்யா! நாளைக்குப் பரீட்சைக்குப் போற பிள்ளையை இன்னைக்கே நொறுக்கிப் போட்டியே, நீயெல்லாம் மனுஷனா? அது மறுபடி தோத்து, எவன் வீட்டுலயாவது போய்ப் பாத்திரம் கழுவணுமா? அதுதான் உன் ஆசையா?”

எலிசியோ குவளையில் மிஞ்சியிருந்த தண்ணீரால் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். ஓட்டப் பந்தயம் முடித்தவர்போல் நாற்காலியில் தொப்பென்று சரிந்தார். முகமெங்கும் அருவருப்பு; உதட்டைச் சட்டைக்கையால் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“நல்லவேளை வந்தியேம்மா தாயே,” என்று நெனிதாவைப் பார்த்துக் கைகுவித்தார்.

“பேச்சைப் பாரு! அண்ணே, மரியாதையா ஸ்டேஷனுக்கு நடங்க,” என்று தடியை உயர்த்திய ரொமுவால்டோவின் காலடியில், எலிசியோவின் கையிலிருந்து நழுவிய ஒரு தாள் வந்து விழுந்தது. மரிவிக்கின் உருண்டை உருண்டையான கையெழுத்தில், எண் போட்டு எழுதிய நாற்பது ஆங்கில வசைகள். பதினாறு வரை பென்சிலால் அடித்திருந்தது.

“நீ வா கண்ணு. இன்னைக்கு எங்க வீட்டுல படுத்துக்க,” என்று நெனிதா மரிவிக்கின் தோளைப் பற்றித் திருப்பினாள்.

திரும்பிய முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மரிவிக் அவள் கையை உதறிவிட்டுத் தரையில் கிடந்த தாளைப் பாய்ந்து எடுத்தாள்.

“கடைசிச் சுத்துல கோவக்கார கஸ்டமர் மாதிரி போன்ல இப்படித்தான் திட்டிச் சோதிப்பாங்க அக்கா, இன்னைக்குத்தான் முதல் தடவையா அழாம தாக்குப்பிடிச்சேன், கெடுத்துட்டீங்களே!”