தைக்கக் கொடுத்த துணி

“ஓட வேண்டி வந்தா மொதல்ல எதை எடுப்ப, மூக்கம்மா?” என்று தையல்காரி நாகஜோதி ஒருநாள் கேட்டாள். புருசன் அடித்ததில் கண் வீங்கிப்போய் மூக்கம்மாள் அவள் முன்னால் நின்றிருந்தாள்.

நாகஜோதியே சொல்லிக் கொடுத்தாள். “ரேஷன் கார்டு, மக சர்டிபிகேட், ஒரு சேலை. ஜாக்கெட்டு தைக்கக் குடுக்கிற மாதிரி துணிக்குள்ள சுத்தி ஒண்ணொண்ணா கொண்டா, நான் இங்க ஒரு பையில சேத்து வைக்கிறேன். உன் புருசனுக்குச் சந்தேகம் வராது. பை நிறைஞ்சதும் விடியக்கால ஏலக்காத் தோட்டத்துக்கு ஆளேத்திட்டுப் போற ஜீப்புல ஏறிரு. வேலைக்குப் போறதா நினைச்சுக்குவாக.”

ஒரு மாதம் கழித்து, விடியும் நேரத்தில் மூக்கம்மாள் மகளோடு நாகஜோதியின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“உங்களுக்கென்னக்கா, உங்க வீட்டு அண்ணன் அதட்டிக்கூடப் பேச மாட்டாக. இதெல்லாம் எப்படித் தெரிஞ்சு வச்சிருக்கீக?”

நாகஜோதி துணிகளுக்கு அடியிலிருந்து மூக்கம்மாளின் பையை உருவினாள். கூடவே தூசி படிந்த பழைய பை ஒன்றும் வந்து விழுந்தது.

“இது யாருதுக்கா?”

“எனக்குக் கல்யாணமான வருசம் கட்டினது. பதினோரு வருசமாச்சு.”

“ஜோதி, யாரு வந்திருக்கா?” உள்ளேயிருந்து அவள் கணவனின் குரல் மிக மென்மையாகக் கேட்டது.

நாகஜோதி சட்டென்று பழைய பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். தெருமுனையில் ஜீப் ஹாரன் அடித்தது. அவள் அந்தப் பையோடு, மூக்கம்மாளுக்கு முன்னால் படியிறங்கி ஜீப்பை நோக்கிப் போனாள்.