எழுதாத சீட்டு

அவன் எடுத்த சீட்டில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

திருப்பிப் பார்த்தான். பின்பக்கமும் வெறும் தாள்தான்.

மழை பிடித்துக்கொண்ட ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டு ரெஜினாவும் அவள் தங்கை ஸ்டெல்லாவும் தெருவில் இறங்க முடியாமல் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ராஜா, ராணி, போலீஸ், திருடன். அவன் மகள் கோமதிதான் நோட்டுத் தாளைக் கிழித்துப் பென்சிலால் எழுதினாள். மூன்று பேர்தான் இருந்தார்கள். வீட்டுக்கு வந்து இரண்டொரு நாளே ஆன அவனையும் ரெஜினா கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"சீட்டு காலியா வந்தா முழிக்காதீங்க மாமா," என்றாள் ரெஜினா. "கோமதி அந்த ஒரு சீட்டுல மட்டும் எழுதவே மாட்டா. காலியா இருந்தா திருடன்னு அர்த்தம்."

கோமதி தலை நிமிரவில்லை.

அடுப்படியில் மனைவி வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

இந்தத் தெருவில் அவன் துபாயிலிருந்து வந்தவன்.

அவன் வருவதற்கு முன்பே மனைவி பஜாரில் சென்ட் பாட்டிலும் கோடாலித் தைலமும் வாங்கி வைத்திருந்தாள். வந்த மறுநாள் அவன் கையாலேயே வீடு வீடாகக் கொடுக்க வைத்தாள். "அங்க வெயில் ரொம்பவோ?" என்று கேட்டவர்களிடம் தலையை ஆட்டி வைத்தான்.

"பிள்ளைக்கும் துபாய்தான்," என்று சத்தியம் செய்திருந்தாள். "அவ காதுல ஒரு சொல் விழல. விட்டுருவேனா?"

தொட்டிலில் விட்டுப் போன பிள்ளை. வந்ததிலிருந்து அவள் அவனை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. சாப்பிடச் சொல்வதானாலும் அம்மாவிடம்தான் சொன்னாள்.

ஜெயிலில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். என்ன கேசு என்பார்கள். முந்நூத்திரெண்டு என்பான். எண்ணைச் சொன்னால் எல்லாருக்கும் புரிந்துவிடும், யாருக்கும் வாய் கூசாது.

ஒரே ஒருத்திதான் சொன்னாள். வரப்புச் சண்டையில் அவன் மண்வெட்டிக்கு விழுந்து செத்த பங்காளியின் அம்மா. கோர்ட் வாசலில் மண்ணை வாரித் தூற்றிக்கொண்டே சொன்னாள்.

அந்தக் குரல் அவனை விடவேயில்லை. ஜெயில் குழாயில் தண்ணீர் விழும்போதெல்லாம் கேட்டது. இப்போது மழையிலும் கேட்டது.

"ராஜா நான்தான்!" ரெஜினா சீட்டைக் காட்டினாள். "போலீஸ் யாரு?"

கோமதி தன் சீட்டைத் தரையில் விரித்து வைத்தாள்.

"சரி, திருடனைக் கண்டுபிடி."

மிச்சம் இருந்தது அவனும் ஸ்டெல்லாவும்தான். ஸ்டெல்லா சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்த பல் தெரியச் சிரித்தாள். ராணி கிடைத்த முகம் அது. பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும்.

கோமதி அவனைப் பார்த்தாள். வந்ததிலிருந்து இப்போதுதான் நேராகப் பார்க்கிறாள்.

சொல்லிவிடு தாயி, என்று அவன் மனம் கெஞ்சியது. விளையாட்டுக்காவது சொல்லிவிடு.

அவள் விரல் ஸ்டெல்லா பக்கம் நீண்டது.

"இவதான்."

"தப்பு! தப்பு!" ஸ்டெல்லா எழுந்து குதித்தாள். "நான் ராணி! போலீசுக்கு முட்டை! மார்க்கெல்லாம் மாமாவுக்கு!"



இவளுக்குத் தெரியும். எப்போதிருந்தோ தெரியும்.

பென்சிலை எடுத்தான். வெறும் சீட்டைத் தொடைமேல் வைத்து எழுதினான். திருடன் என்று அல்ல. கோர்ட் வாசலில் கேட்டதை எழுதினான். எழுத்து கோணலாக விழுந்தது. மடித்து, தரையில் போடாமல் மகளிடம் நீட்டினான்.

அவள் பிரித்துப் படித்தாள்.

மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது.

"என்ன எழுதியிருக்காங்க?" ரெஜினா எட்டிப் பார்த்தாள்.

கோமதி சீட்டைக் கசக்கி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"திருடன்னுதான். அவங்களுக்கு நம்ம ரூல் தெரியாதுல்ல. துபாய்ல இந்த விளையாட்டெல்லாம் கிடையாது."

துபாய் என்று சொல்லும்போது அவள் அம்மாவுக்கு வரும் அதே குரல். ஒரு பிசிறு இல்லை.

அடுப்படியில் சத்தம் நின்றுபோயிற்று.

அவள் புதிதாக ஒரு தாளைக் கிழித்தாள். எதுவும் எழுதாமல் மடித்தாள். மற்ற மூன்றோடு சேர்த்துக் குலுக்கி நடுவில் போட்டாள்.

"முதல்ல நீங்க எடுங்கப்பா," என்றாள்.