மீன் சாட்சி

அடிவயிற்றுக்குள் யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது போல இருந்தது. மாப்பிள்ளை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மனைவியை மனதுக்குள் ஒரு பாட்டம் திட்டினான். என்னத்தைச் சமைத்துப் போடுகிறாளோ, நாலு நாளாக நாற்காலிக்கும் கழிப்பறைக்கும் நடையாய் நடக்கிறான்.

அவள் பழி சுமக்கிற ஆள் இல்லை. அதே குழம்பைத்தானே நானும் பிள்ளைகளும் சாப்பிடுகிறோம், உங்களுக்கு மட்டும் விஷமா என்று கேட்டுவிட்டு, அன்றிலிருந்து வெறும் ரொட்டிதான் வைத்தாள். ரொட்டிக்கும் வயிறு அடங்கவில்லை. டாக்டர் தண்ணீரைப் பற்றி விசாரித்தபோது, கேன் தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று பெருமையாகவே சொல்லிவிட்டு வந்தான்.

லீவு போடவும் வழியில்லை. சாயப்பட்டறையின் முதலாளி அவன் மனைவியின் அண்ணன். துணி வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து இன்று தணிக்கைக்கு ஆள் வருகிறது. சாயக்கழிவு நீர் ஒழுங்காகச் சுத்தமாகிறது என்று அவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷத்து ஆர்டர்.

"இது மட்டும் கெட்டுச்சு மாப்பிள்ளை, உங்க நாற்காலியை உடைச்சு பாய்லர்ல போட்டுடுவேன்," என்று மச்சான் சிரிக்காமல் சொல்லியிருந்தார்.

பட்டறையில் எல்லோருக்குமே அவன் மாப்பிள்ளைதான். முகத்துக்கு நேரே சார், முதுகு திரும்பினால் மாப்பிள்ளை. சுற்றுச்சூழல் மேலாளர் என்று மச்சான் ஒரு பதவியைத் தூக்கிக் கொடுத்ததும் அவன் முதலில் கை வைத்தது தொழிலாளிகளின் குடிதண்ணீர் கேனில். பிளாஸ்டிக் கூடாதாம். சுத்திகரித்த தண்ணீரிலிருந்தே ஒரு குழாயை இழுத்துவிட்டு, அதன் தலைக்கு மேல் 'ஒரு துளியும் வீணாகாது' என்று பச்சை எழுத்தில் பலகை மாட்டினான்.

மூன்று மாதமாக அவர்கள் அதைத்தான் குடிக்கிறார்கள். அவன் அறைக்கு மட்டும் கேன் வருவது நிற்கவில்லை. ஒரு கேனால் பூமி ஒன்றும் அழிந்துவிடாதாம்.

வயிற்றுவலி என்று லீவு கேட்டு வந்தவர்களை நிற்கவைத்தே திருப்பி அனுப்பினான். "வலிக்கிறது வயிறு இல்லய்யா, சோம்பேறித்தனம்," என்றான். அந்த நாள்களுக்குச் சம்பளத்தையும் பிடித்தான்.

அவன் தூக்கத்தைக் கெடுத்தது மீன்கள்தான். சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் சுத்திகரித்த தண்ணீரை நிரப்பி மீன் விட வேண்டும். மீன் உயிரோடிருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர் என்பது தணிக்கைக்காரர்களின் கணக்கு. போன வாரம் வரைக்கும், விட்ட மீனெல்லாம் மறுநாளே வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவருக்குத் தொட்டிக்காரர் என்றே பெயராகிவிட்டது. வால்வு திருகுவதிலிருந்து மாப்பிள்ளையின் அறையில் கேன் மாட்டுவது வரை எடுபிடி வேலையெல்லாம் அவர் தலையில்தான். சனிக்கிழமை அவரைக் கூப்பிட்டு, வயசுக்கும் மரியாதையில்லாமல் மாப்பிள்ளை கத்தினான்.

"இனி ஒரு மீன் செத்தா, அதோட சேர்த்து உன்னையும் வாரி வெளியே போட்டுடுவேன். என்ன செய்வியோ, எனக்குத் தெரியாது."

தொட்டிக்காரர் பிடரியைச் சொறிந்துகொண்டே சரியென்று போனார். அதற்குப் பிறகு ஒரு மீனும் சாகவில்லை. போடுகிற விதத்தில் சத்தம் போட்டால் மீன்கூடச் சொன்னபடி கேட்கும் என்று மாப்பிள்ளை மச்சானிடம் பீற்றிக்கொண்டான்.

வாசலில் கார் வந்து நின்றது. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். கேனிலிருந்து இரண்டு தம்ளரை மடமடவென்று இறக்கிவிட்டு மாப்பிள்ளை ஓடினான்.

தணிக்கைக்கு வந்த அம்மாள் தொட்டியின் முன்னால் குனிந்து வெகுநேரம் பார்த்தார். மீன்கள் துறுதுறுவென்று வந்து கண்ணாடியை முட்டின. சுற்றிலும் தொழிலாளிகள் கைகட்டி நின்றார்கள். ஒருவர் முகத்திலும் ரத்தமில்லை. அந்த அம்மாள் மீனையும் அவர்களையும் குழாய்க்கு மேலிருந்த பச்சை எழுத்துப் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தத் தண்ணியையா இவங்க குடிக்கிறாங்க?"

"ஆமா மேடம். மீனே வாழுது, மனுஷனுக்கு என்ன வந்துச்சு?"

"நீங்க?"

வயிறு இன்னொரு முறுக்கு முறுக்கியது. மாப்பிள்ளை பல்லைக் கடித்தபடியே சிரித்தான்.

"நானும் இதேதான் மேடம். தொழிலாளிக்கு ஒரு தண்ணி, அதிகாரிக்கு ஒரு தண்ணிங்கிற பேச்சே இங்க கிடையாது."

கூச்சநாச்சம் இல்லாமல் சொன்னான். உண்மை சொல்லும்போதுதான் அவனுக்கு நாக்குக் குழறும்.

அந்த அம்மாள் பேனாவை எடுத்தார். ஆனால் கையெழுத்துப் போடாமல் தொட்டிக்காரர் பக்கம் திரும்பி, சார் சொல்வது உண்மைதானா என்று கேட்டார். மாப்பிள்ளை தொட்டிக்காரரை முறைத்தான். இந்த ஆள் ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும், நாற்காலி தப்பித்துவிடும்.

"சத்தியம் மேடம்," என்றார் தொட்டிக்காரர். "திங்கட்கிழமையிலேருந்து சாரும் அந்தக் குழாய்த் தண்ணியைத்தான் குடிக்கிறார். அவர் கேன்ல பிடிச்சு வைக்கிறதே நான்தான்."

மாப்பிள்ளையின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்போ தொட்டியில?" என்றார் அந்த அம்மாள். பேனா இன்னும் காகிதத்தைத் தொடவில்லை.

"அது சாரோட கேன் தண்ணி. எங்களுக்குத்தான் மூணு மாசக் குடிதண்ணி பாக்கி."